தொகையும் கலெக்டரும்

(சேலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஆங்கிலத்திலிருந்து நம் பேச்சில் வந்து குடியேறிய சாமானியமான சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் உற்பத்தியையும் பொருளையும் பற்றிப் பேசவேண்டும் என்று இவ்வறக்கட்டளைக் குழுவினர் என்னைப் பணித்தபோது, பஸ் என்றும் காபி என்றும் டிக்கெட் என்றும் எத்தனையோ சொற்கள் என் நினைவுக்கு வந்தன. ஆயினும் சேலத்தையும் நாமக்கல்லையும் சேர்ந்த மக்கள் கூடியிருக்கும் அவையில் நின்றுகொண்டு 'கலெக்டர்' என்ற சொல்லை விட்டுவிட்டு வேறொன்றை ஆராய என் மனம் இசையவில்லை. இந்தச் சமவெளியில் அச்சொல்லுக்கு இருநூற்றுமுப்பது ஆண்டுச் சரித்திரம் உண்டு.

ஆங்கிலம் தாய்மொழியாகிய ஒருவரிடம் சென்று, 'என் மகன் கலெக்டர் ஆக விரும்புகிறான்' என்று சொன்னால், 'எதைச் சேகரிப்பவன்?' என்றுதான் அவர் திருப்பிக் கேட்பார். தபால் தலையைச் சேகரிப்பவனும் அவர்கள் மொழியில் கலெக்டர். பட்டாம்பூச்சியைப் பிடித்துப் பெட்டியில் ஊசியால் குத்தி வைப்பவனும் கலெக்டர். ரயிலடியில் பயணிகளிடமிருந்து சீட்டைத் திரும்ப வாங்குபவனும் கலெக்டர். எதை என்று சொன்னாலன்றி அங்கே அச்சொல் முடிவதில்லை. நம் நாட்டிலோ அச்சொல்லுக்கு எவரும் அடைமொழி கேட்பதில்லை. ராசிபுரத்துச் சந்தையில் காய் விற்கும் அம்மாளிடம் 'கலெக்டர் வருகிறார்' என்றால் போதும். வருபவர் யார், அவருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே அவருக்கு விளங்கிவிடும். பிறந்த வீட்டில் பொதுப்பெயராக இருந்தது, புகுந்த வீட்டில் சிறப்புப்பெயராக நிலைத்துவிட்டது.

பிறந்த வீடு என்றேன். உண்மையில் ஆங்கிலமும் இச்சொல்லுக்கு வளர்த்த வீடுதான். பிறந்த வீடு லத்தீன். அம்மொழியில் 'லெகெரே' என்று ஒரு வினைச்சொல் உண்டு. கிளையிலிருந்து கனியைப் பறிப்பதும், தரையிலிருந்து சுள்ளியைப் பொறுக்குவதும், பலவற்றுள் நல்லதைத் தெரிந்தெடுப்பதும் அதன் பொருள்கள். அதோடு 'கூட' என்னும் பொருள்தரும் முன்னொட்டுச் சேர்ந்து 'கொல்லிகெரே' ஆயிற்று. ஒருங்கு திரட்டுதல் என்பது பொருள். அதன் வழியாகவே 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில், வரியையோ தருமப் பணத்தையோ வாங்கிச் சேர்ப்பவன் என்ற பொருளில் 'கலெக்டர்' ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. ஆனால் இந்த 'லெகெரே' என்னும் வினைக்கு இன்னும் ஒரு பொருள் உண்டு. அதுவே எனக்கு இன்றைய பிரசங்கத்தின் உயிர்நாடியாகத் தோன்றுகிறது. லத்தீன் மொழியில் அதே சொல்லுக்குப் 'படித்தல்' என்றும் பொருள். ஓலையிலோ தோலிலோ எழுதியிருக்கும் எழுத்துக்களைக் கண்ணானது ஒன்றன்பின் ஒன்றாகப் பொறுக்கிச் சேர்க்கிறது. அப்படிச் சேர்ப்பதுதான் படிப்பு என்று அந்த மக்கள் கருதினார்கள் போலும்.

ஆதலால் இன்று நான் செய்யும் 'லெக்சர்' என்பதும் கலெக்டருக்கு உடன்பிறந்த சொல்லே. படித்தல் என்பதே அதன் பழம்பொருள். பலருள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதாகிய 'எலெக்ஷன்' அதன் மற்றொரு சகோதரி. எடுத்துப் பாராமல் விட்டுவிடுவது என்ற கருத்தில் பிறந்தது 'நெக்லெக்ட்', அதாவது அலட்சியம். மாணவர்கள் ஒன்று கேட்கக்கூடும்: காலேஜ் என்பதும் இக்குடும்பம்தானோ என்று. ஒலி ஒத்திருப்பினும், அச்சொல்லை ஒருவரைப் பிரதிநிதியாக அனுப்புதல் என்னும் வேறொரு வினையிலிருந்தே ஆராய்ச்சியாளர்கள் வருவிக்கிறார்கள். முகச்சாயலை மட்டும் நம்பி உறவு கொண்டாடுவது சொல்லாராய்ச்சியில் பெரும்பிழைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது.

இப்பொழுது நம் தமிழுக்கு வருவோம். அறுவடை முடிந்த கடலைக் காட்டில் குனிந்து நின்று, மண்ணில் தங்கிவிட்ட காய்களைப் பெண்கள் தேடி எடுக்கிறார்களே, அதைப் 'பொறுக்குதல்' என்கிறோம். நாமக்கல் கோழிப்பண்ணைகளில் விடியற்காலையில் கூண்டு கூண்டாகச் சென்று முட்டையை எடுத்து அட்டையில் அடுக்குகிறார்களே, அதுவும் அதே செயல். மிகச் சிறந்ததைப் 'பொறுக்கியெடுத்த முத்து' என்று பாராட்டுவதும் அச்சொல்லாலேயே. லத்தீன்காரன் வயலில் கண்ட கருத்தைத் தமிழனும் தன் வயலில் கண்டிருக்கிறான். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதன்று இது; குனிந்து எடுக்கும் முதுகும் தேர்ந்தெடுக்கும் கண்ணும் எந்த நாட்டிலும் ஒன்றுதானே!

இதனினும் ஆச்சரியம் தருவது 'தொகை' என்னும் சொல். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் என்றும், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்றும் அறிகிறோம். பாட்டுக்களைத் திரட்டிய நூல்களுக்கு எட்டுத்தொகை என்று பெயர். நிலத்துக்குக் கட்டவேண்டிய பணத்துக்கும் தொகை என்றே பெயர். ஊரில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்ற கணக்குக்கோ மக்கள்தொகை என்று பெயர். பாட்டு, பணம், மனிதர் என்னும் மூன்றையும் ஒரே சொல்லால் அளக்கும் இம்மொழியில், கலெக்டர் என்பதற்கு நேரான சொல் தொகுப்பவர் என்பதுதான். அவர் இம்மூன்றில் எதைத் தொகுக்க வந்தார், எதைத் தொகுக்காமல் விட்டார் என்பதுதான் நம் ஜில்லாவின் சரித்திரம் என்று நான் கருதுகிறேன்.

ஆங்கிலேயர் வருமுன்னரே இந்தப் பொருளுடைய வேறு இரண்டு சொற்கள் இந்தப் பிராந்தியத்தில் வந்து தங்கியிருந்தன என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 'தாசில்' என்னும் அரபுச் சொல்லுக்குத் திரட்டுதல் என்பது பொருள். 'தார்' என்னும் பாரசீக விகுதியோடு சேர்ந்து அது தாசில்தார் ஆயிற்று. ஆகவே, சொற்பொருள் நோக்கினால், தாசில்தாரும் கலெக்டரும் ஒருவரேதான். ஒரே வேலைக்கு இரண்டு மொழிகளில் இட்ட பெயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலதிகாரி, கீழதிகாரி என்று உத்தியோக ஏணி கட்டிவிட்டார்கள். 'ஜமாபந்தி' என்பதில் வரும் ஜமாவும் அரபுதான். ஒன்றுசேர்த்தல் என்பது அதன் கருத்து. வருஷத்துக்கொருமுறை கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்து முடிப்பது ஜமாபந்தி. தொழுகைக்குத் திரளும் மக்களைக் குறிக்கும் ஜமாஅத் என்னும் சொல்லும் அந்த வேரிலிருந்தே முளைத்தது. பணத்தையும் மனிதரையும் ஒரே வேர்ச்சொல்லால் சுட்டும் வழக்கம் அரபியிலும் இருந்திருக்கிறது.

தமிழிலோ வரிப்பணம் சேர்ப்பதற்குத் 'தண்டல்' என்ற பழஞ்சொல் உண்டு. கிராம அதிகாரிக்கு உதவியாக வீடு வீடாகச் சென்று வரி கேட்டவர் தண்டல்காரர். அச்சொல் இன்றும் மறைந்துவிடவில்லை. நாள்தோறும் மாலையில் கடைத்தெருவில் வந்து நின்று, கொடுத்த கடனைச் சிறுகச் சிறுக வாங்கிச் செல்பவருக்கு அப்பெயர் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரே கருத்தில் பிறந்த சொற்களுள் ஒன்று ஜில்லாவின் உச்சிக்கு ஏறியது. மற்றொன்று கடன்பட்டவன் கண்டு அஞ்சும் பெயராகத் தெருவில் நிற்கிறது. பணம் ஒன்றையே தொகுத்தால் அச்சொல்லின் கதி என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் நான் காட்ட வேண்டியதில்லை.

இனிச் சரித்திரம். 1765-இல் வங்காளத்தின் திவானி உரிமை, அதாவது வரி வாங்கும் உரிமை, கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது. 1772-இல் வங்காளக் கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஜில்லாக்களில் இருந்த மேற்பார்வையாளர்களுக்குக் கலெக்டர் என்று பெயரிட்டார். வரி வாங்குவதே கம்பெனி தன் உத்தியோகஸ்தரிடம் எதிர்பார்த்த முதல் வேலை. ஆகையால் பெயரும் வேலையும் அங்கே முரணின்றிப் பொருந்தியிருந்தன. நம் பக்கத்துக்கு அப்பெயர் வந்தது 1792-இல். ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த நாடுகளுள், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகாலும் சேலமும் அடங்கும். அவற்றை நிர்வகிக்கக் காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் என்பவரைக் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு நியமித்தார். மன்றோ, மக்லியாட், கிரஹாம் என்னும் மூவர் அவருக்கு உதவியாளர்களாக வந்தார்கள். நால்வரும் பட்டாளத்து மனிதர்கள். சென்னையில் சிவில் உத்தியோகஸ்தர்கள் பலர் இருக்கப் பட்டாளத்தாரை ஏன் அனுப்பவேண்டும் என்றால், அந்தச் சிவில் உத்தியோகஸ்தர்களுக்கு நாட்டு மொழிகள் தெரியாதிருந்ததே காரணம் என்று காரன்வாலிஸ் கருதினார்.

இவ்விடத்தில் சிறிது நிற்க விரும்புகிறேன். மொழி அறியாதவன் வரி வாங்கவும் தகுதியற்றவன் என்ற தீர்ப்பு இந்தச் சேலம் நாட்டின் பொருட்டு அளிக்கப்பட்டது. 'லெகெரே' என்னும் வினையின் இரண்டு பொருள்களும், திரட்டுதலும் படித்தலும், லத்தீன் வேர் இன்னதென்று எவரும் எண்ணிப் பார்த்திருக்கவே முடியாத ஒரு நெருக்கடியில், இந்த மண்ணில் மறுபடியும் ஒன்றுசேர்ந்தன. தாமஸ் மன்றோ அப்படிப் படித்தவர்களுள் ஒருவர். ஷைலக்கின் கதையை ஒத்த பாரசீகக் கதை ஒன்றைக் கண்டெடுத்து அவர் மொழிபெயர்க்க, ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பித்த மலோன் என்ற அறிஞர் அதைத் தம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். கடன் கொடுத்தவன் உடற்சதையைக் கேட்கும் அக்கதையை மொழிபெயர்த்த கையே, பின்னர்த் தருமபுரிப் பக்கத்துக் குடியானவனுக்கு எவ்வளவு வரி பொறுக்கும் என்று கணக்கிடும் கையாகவும் ஆயிற்று.

ரீடும் அவருடைய துணைவர்களும் நிலத்தை அளந்தார்கள். இடைத்தரகர்களை நம்பாமல் ஒவ்வொரு குடியானவனோடும் நேரே வரியைப் பேசி முடிக்கும் முறையை இங்கே பயின்றார்கள். 'ரயத்துவாரி' என்று பின்னாளில் பெயர்பெற்று, மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னைக் கவர்னராக இருந்த காலத்தில் ராஜதானி முழுவதும் வேரூன்றிய அம்முறைக்கு நம் ஜில்லாவே நாற்றங்கால். அவர்கள் எழுதிவைத்த கடிதங்களும் அறிக்கைகளும் 'பாராமகால் ஆவணங்கள்' என்ற பெயரால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அரசாங்கத்தாரால் அச்சிடப்பட்டன. குடிகள், விளைபொருள்கள், வரிகள் என்று பகுதி பகுதியாக வகுக்கப்பட்ட அத்தொகுதிகளும் ஒருவகையில் தொகைநூல்களே. பின்னர் லெ பானு 1883-இல் சேலம் ஜில்லாவைப் பற்றி ஒரு கையேட்டையும், ரிச்சர்ட்ஸ் 1918-இல் ஜில்லா கெஜட்டியரையும் தொகுத்தார்கள்.

ஆனால் அந்த வரி இலேசானதன்று. எவ்வளவு அளந்து எழுதினாலும், எழுதியவர்கள் கம்பெனியின் பெட்டிக்காகவே எழுதினார்கள் என்பதை மறந்து அவர்களைப் போற்றுவது நியாயமாகாது. ரீட் சென்ற பிறகு நிலங்களை மிட்டா என்னும் ஜமீன்களாகக் கூறுபோட்டு ஏலம் விட்டார்கள். மிட்டாதார் என்ற சொல் இவ்வழியாகத்தான் நம் ஊர்ப்பேச்சில் வந்து தங்கியது. பலருடைய மிட்டாக்கள் வரி கட்ட முடியாமல் அரசாங்கத்துக்கே திரும்பின. எஞ்சியவை 1948-ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிந்தன.

கலெக்டர் என்ற சொல்லின் வாழ்க்கையில் பெரிய சோதனை வந்தது தாது வருஷத்தில். 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தை நம் பக்கத்து முதியோர் இன்றும் 'தாது வருஷப் பஞ்சம்' என்றே சொல்லுகிறார்கள். சென்னை ராஜதானியில் மிகக் கொடுமையாக வாடிய ஜில்லாக்களுள் சேலமும் ஒன்று. வரியைத் தொகுக்க வந்தவரே ஊர்தோறும் கஞ்சித் தொட்டி வைக்கவும், வேலை கொடுத்துக் கூலி அளக்கவும் வேண்டியதாயிற்று. பாடுபடும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் அதன்மேல் ஓரணாவும் போதும் என்று, இந்திய அரசாங்கம் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். அது உயிரைக் காக்கப் போதாது என்று சென்னைச் சுகாதார அதிகாரி கார்னிஷ் வாதாடினார். 1871-ஆம் ஆண்டுக் கணக்கையும் 1881-ஆம் ஆண்டுக் கணக்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை லட்சக்கணக்கில் குறைந்திருப்பதைக் காணலாம். தொகை என்ற ஒரே சொல்லுக்குள் பணமும் மனிதரும் இருக்கிறார்கள் என்று முன்னே சொன்னேன். பணத்தொகையைக் கண்ணும் கருத்துமாக எழுதிவந்த ஏடுகளில் மக்கள்தொகை சரிந்து விழுந்ததைக் காணும்போது நெஞ்சு பதறுகிறது. பொருளை ஈட்டுவதோடு நில்லாமல் காத்து வகுத்துக் கொடுப்பதையும் அரசின் கடமையாக வள்ளுவர் வைத்ததன் காரணம் அந்த ஏடுகளைப் புரட்டினால் விளங்கும்.

இச்சொல்லுக்குத் தமிழ் காண முயன்ற வரலாறும் சேலத்தோடு சிறிது சம்பந்தம் உடையதே. 1916-இல் ராஜாஜி இந்நகரில் இருந்தபோதுதான் விஞ்ஞானச் சொற்களுக்குத் தமிழ்ப் பரிபாஷை காணும் சங்கம் ஒன்றை நண்பர்களோடு தொடங்கினார். 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு காரியாலயங்களுக்கு வேண்டிய சொற்கள் மளமளவென்று ஆக்கப்பட்டன. கலெக்டர், மாவட்ட ஆட்சித் தலைவர் ஆனார்; பிறகு சுருங்கி மாவட்ட ஆட்சியர் ஆனார். அச்சொற்களை ஆக்கியோரின் தொண்டுக்கு நான் தலைவணங்குகிறேன். நல்ல தமிழ்ச் சொல் அது என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் என் அபிப்பிராயம் ஒன்று உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கலெக்டர் என்னும் அயற்சொல்லில் ஆளுதல் என்ற கருத்துக் கடுகளவும் இல்லை. ஆட்சியர் என்னும் தமிழ்ச்சொல்லிலோ அது ஒன்றே இருக்கிறது. குடியாட்சி நாட்டில் ஆளும் உரிமை, எலெக்ஷன் என்னும் சகோதரியின் வழியாக மக்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கே உரியது. அந்நியர் தம் அதிகாரிக்கு அடக்கமாகப் பெயர் இட, நாம் நம் அதிகாரிக்குப் பெரிதாக இட்டுவிட்டோம். தொகுப்பாளர் என்றோ அதனோடு ஒத்த வேறொன்றென்றோ வைத்திருந்தால் பொருள் இன்னும் நேராக இருந்திருக்கும்.

ஜனங்கள் மட்டும் இன்றும் கலெக்டர் என்றே சொல்லுகிறார்கள். ரீடின் ஒரே பொறுப்பில் இருந்த நாடு பிரிந்து பிரிந்து, 1965-இல் தருமபுரியும், 1997-இல் நாமக்கல்லும், 2004-இல் கிருஷ்ணகிரியும் தனித்தனி மாவட்டங்களாகிவிட்டன. திங்கட்கிழமைதோறும் அந்த அலுவலகங்களின் வாயிலில் மனுவோடு நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். அங்கே வருபவர்களுள் வரி கட்ட வந்தவர் அரியர். பட்டா வேண்டியும், முதியோர் உதவித்தொகை வேண்டியும், குடிதண்ணீர் வேண்டியும் வருகிறார்கள். வாங்குபவர் என்று பெயர் பெற்றவரிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அவர் அன்று தொகுப்பது பணத்தை அன்று, காகிதத்தை. அக்காகிதத்தைப் படிப்பதுதான் அன்று அவருடைய கடமை. எடுத்துப் படிக்காமல் விட்டால் அதற்குப் பெயர் 'நெக்லெக்ட்' என்பதை முன்னமே கண்டோம்.

என் சிறுவயதில் ராசிபுரத்துக்கு அருகில் எங்கள் அம்மாயி, அதாவது தாயின் தாயார், வீட்டில் விடுமுறை நாட்களைக் கழிப்பது வழக்கம். அம்மாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது; கட்டைவிரல் ரேகைதான். ஜமாபந்திக்குச் சென்று திரும்பும்போதெல்லாம், கணக்கு மூட்டைகளுக்கு நடுவே அங்கே கண்ட பெரிய உத்தியோகஸ்தரை நினைத்துக்கொண்டு, என் தலையில் கைவைத்து, 'நல்லாப் படிச்சுக் கலெக்டரு ஆவோணும் சாமி' என்பார். நான் கலெக்டர் ஆகவில்லை, தமிழாசிரியன் ஆனேன். பல ஆண்டுகள் கழித்து லத்தீன் அகராதியைப் புரட்டியபோது, திரட்டுதல், படித்தல் என்னும் இரண்டு பொருள்களையும் ஒரே பக்கத்தில் கண்டவுடன் அந்த வாழ்த்து என் காதில் ஒலித்தது. கொங்கு நாட்டுத் தாய்மார் அனைவரும் அறிந்த வாழ்த்து அது. படித்தவனுக்கே அப்பெயர் தகும் என்று, எழுத்தறியாத வாய்கள் அச்சொல்லின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பொருத்தியிருக்கின்றன.

நிறைவாக, இந்த அவையினரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. கிஸ்தி, பசலி, அடங்கல், சிட்டா, மிட்டா, தண்டல் என்று இச்சமவெளியில் வழங்கிய நிலவரிச் சொற்களை வாழ்ந்து அறிந்தவர்கள் நாளுக்குநாள் குறைந்து வருகிறார்கள். பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் 1980-இல் நீக்கப்பட்டன. அக்கணக்குகளை எழுதிய கைகளுள் எஞ்சியிருப்பவை சில. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்கள் ஆளுக்கொரு குறிப்பேடு எடுத்துச் சென்று, அப்பெரியவர்களின் அருகில் அமர்ந்து, அவர்கள் சொல்லும் சொல்லையும் பொருளையும் அவர்கள் சொன்னபடியே எழுதி வாருங்கள். வீட்டுப் பரணில் பழைய பட்டாவோ கிஸ்தி ரசீதோ கிடைத்தால் கிழித்தெறியாமல் உங்கள் கல்லூரித் தமிழாசிரியரிடம் காட்டுங்கள். படியெடுத்துக்கொண்டு மூலத்தை உங்கள் வீட்டுக்கே திருப்பித் தரச் சொல்லுங்கள்.